பதின்வயதுப் பிள்ளையும் போனும்: தூக்கத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

எட்டாம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரை படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காக எழுதப்பட்டது இது. தூக்கம் கெட்டிருக்கிறது, கண் எரிகிறது, கழுத்து வலிக்கிறது, போனைப் பற்றிப் பேச்செடுத்தாலே சண்டை வருகிறது என்ற நிலையில் இருப்பவர்கள் கீழே உள்ள வரிசைப்படி போகலாம். எல்லாம் நிலைபெற ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

இதில் வரிசைதான் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் முதல் நாளே இன்ஸ்டாகிராமை நீக்குவார்கள், ஒரு பூட்டு ஆப்பைப் போடுவார்கள், ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சரியாகத் தூங்காத பிள்ளைக்குப் பகலில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் தெம்பு இருக்காது. அந்த நிலையில் பகல் நேரத்தைக் குறைக்கச் சொல்வது வீண் போராட்டம். இரவைச் சரிசெய்துவிட்டுப் பகலுக்கு வாருங்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

போன் படுக்கையறையை விட்டு வெளியேறாததற்குப் பிள்ளை சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றே: அலாரம், கால்குலேட்டர், டார்ச், டீச்சர் அனுப்பிய பிடிஎஃப். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆகவே மாற்று ஏற்பாட்டை முதலில் வாங்கி வையுங்கள். சத்தமாக மணியடிக்கும் ஒரு மேசைக் கடிகாரம், ஒரு சாதாரணக் கால்குலேட்டர், கரண்ட் போனால் எடுக்க ஒரு டார்ச், ஒரு கைக்கடிகாரம். பிடிஎஃப் நோட்ஸை வாரம் ஒருமுறை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிடலாம். பட்டியலில் ஒன்று விடுபட்டாலும் முதல் வாரத்திலேயே அந்த ஓட்டை வழியாகப் போன் அறைக்குத் திரும்பிவிடும்.

அடுத்து சார்ஜ் போடும் இடம். ஹாலிலோ சமையலறை அலமாரி மேலோ ஒரு பிளக் பாயிண்ட்டைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் எத்தனை போன் இருக்கிறதோ அத்தனைக்கும் போதுமான எக்ஸ்டென்ஷன் போர்டை அங்கே வையுங்கள். மற்ற அறைகளில் கிடக்கும் சார்ஜர்கள், பவர் பேங்க், அலமாரியில் தூங்கும் பழைய போன் எல்லாவற்றையும் திரட்டி எடுத்துவிட வேண்டும். பழைய போனில் சிம் இல்லாவிட்டாலும் வைஃபை போதும் என்பது பிள்ளைக்குத் தெரியும்.

40 பக்க நோட்டு ஒன்று. எதற்கு என்பது அடுத்த படியில் வரும்.

இவற்றைவிடக் கடினமானது வீட்டுப் பெரியவர்கள் ஒரே குரலில் பேசுவது. அம்மா வாங்கி வைத்ததை அப்பா எடுத்துக் கொடுத்தால், அல்லது "பாவம், குழந்தை கேக்குறான்ல" என்று பாட்டி தன் போனை நீட்டினால், அத்தோடு முடிந்தது. பிள்ளையிடம் பேசுவதற்கு முந்தின நாளே பெரியவர்கள் தனியாக உட்கார்ந்து முடிவெடுங்கள்.

தேதியும் பார்க்க வேண்டும். பரீட்சை வாரம், பள்ளி விடுமுறையின் முதல் நாள், மதிப்பெண் வந்த நாள் இவை வேண்டாம். மதிப்பெண் குறைந்த அன்று தொடங்கினால் பிள்ளைக்கு இது தண்டனையாகவே மனதில் பதியும். பிறகு என்ன விளக்கினாலும் எடுபடாது.

2. ஒரு வாரம் அளவெடுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் உள்ளே டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் செட்டிங்ஸ் உள்ளே ஸ்க்ரீன் டைம். இரண்டும் 2018 முதல் இருப்பவை, தனியாக எந்த ஆப்பும் தேவையில்லை. பிள்ளையை உடன் வைத்துக்கொண்டே பாருங்கள். திருட்டுத்தனமாகப் பார்த்து, பிறகு ஆதாரம் காட்டுவது போலப் பேசினால் அடுத்த வாரம் பாஸ்வேர்டு மாறியிருக்கும்.

தினமும் நோட்டில் ஐந்து விஷயங்கள்: இரவு கடைசியாகப் போனைக் கீழே வைத்த நேரம், காலையில் எழுந்ததும் முதலில் தொட்ட நேரம், ஒரு நாளில் எத்தனை முறை அன்லாக் ஆனது, எத்தனை நோட்டிபிகேஷன் வந்தது, அதிக நேரம் எடுத்த முதல் மூன்று ஆப்கள். மொத்த மணிக்கணக்கையும் எழுதலாம், ஆனால் அதை வைத்து வாதாட வேண்டாம். ஆன்லைன் வகுப்பு மூன்று மணி நேரம் ஓடிய நாளும் ரீல்ஸ் மூன்று மணி நேரம் ஓடிய நாளும் மொத்தத்தில் ஒன்றுபோலவே தெரியும். உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல.

கணக்கு ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. இன்ஸ்டாகிராம் ஆப்பை நீக்கிவிட்டு க்ரோம் வழியாகப் பார்த்தால் அந்த நேரம் க்ரோம் பெயரில் போய்ச் சேரும். க்ரோம் திடீரென்று முதலிடத்துக்கு வந்தால் காரணம் பாடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

தூக்கக் கணக்கும் இதே நோட்டில். விளக்கணைத்த நேரம், எழுந்த நேரம், ஞாயிறு அலாரம் இல்லாமல் எழுந்த நேரம். வார நாளில் 6 மணிக்கு எழும் பிள்ளை ஞாயிறன்று 9 மணி வரை தூங்கினால், வாரம் முழுக்கச் சேர்ந்த தூக்கக் கடனை உடம்பு அன்று அடைக்கிறது என்று பொருள். சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை.

பெற்றோரின் கணக்கும் அதே நோட்டின் எதிர்ப்பக்கத்தில் வரட்டும். பிள்ளை சொல்லப்போகும் முதல் எதிர்வாதம் "நீங்க மட்டும்?" என்பதுதான். அதற்குப் பதில் நோட்டிலேயே இருப்பது நல்லது.

3. முதலில் இரவு

13 முதல் 18 வயதுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காலை 6 மணிக்கு எழ வேண்டுமானால் இரவு 10 மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும், 9 மணிக்குப் போன் ஹாலுக்கு வந்திருக்க வேண்டும். 5 மணிக்கு டியூஷன் என்றால் கணக்கு இடிக்கும். அந்த டியூஷனை மாலைக்கு மாற்ற முடியுமா என்று நேர்மையாக யோசியுங்கள். முடியாதபோது பள்ளி விட்டு வந்ததும் 20 நிமிடம் படுக்கவிடலாம். அதற்கு மேல் தூங்கினால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும்.

இங்கே பலர் தடுமாறும் இடம்: நள்ளிரவு 1 மணிக்குத் தூங்கிப் பழகியவனை ஒரே நாளில் 10 மணிக்குப் படுக்க வைப்பது. பருவ வயதில் உடலின் கடிகாரமே ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை பின்னால் நகர்கிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது. அந்த வயதில் 10 மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். போன் அந்தத் தாமதத்தை இன்னும் இழுத்துவிடுகிறது.

அதனால் எழும் நேரத்தை முதலில் பிடியுங்கள். ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஒரே நேரம். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் தள்ளலாம். எழுந்ததும் மொட்டைமாடியிலோ வாசலிலோ 15 நிமிடம் வெளிச்சத்தில் நிற்கட்டும், பல் தேய்த்துக்கொண்டு நின்றாலும் போதும். காலை வெளிச்சம்தான் உடல் கடிகாரத்தை முன்னால் இழுக்கிறது. பிறகு படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 முதல் 20 நிமிடம் வீதம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். 1 மணி 10 மணியாக நான்கு வாரம் ஆகலாம். மாலை 4 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

போன் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியேற வேண்டும் என்பதற்குத் திரையின் நீல ஒளியைக் காரணமாகச் சொல்வார்கள். அது ஒரு பகுதிதான். அடுத்து என்ன வருமோ என்ற எதிர்பார்ப்பு, பாதியில் நிற்கும் சாட், தோற்ற கேம் இவை மூளையைக் கூடுதலாக விழிக்க வைக்கின்றன. நைட் மோடு போட்டு மஞ்சளாக்கிவிட்டுப் படுக்கையில் ரீல்ஸ் பார்க்க அனுமதிக்கும் வீடுகளில் தூக்கம் திருந்தாததற்கு இதுவே காரணம்.

வழக்கமாக நழுவும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். சைலண்ட்டில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைப்பது. பாத்ரூமுக்கு எடுத்துப் போவது. போனை வைத்துவிட்டு லேப்டாப்பில் தொடர்வது. ஸ்மார்ட் வாட்ச். 9 மணிக்குப் போனை வாங்கிவிட்டு ஹாலில் 11 மணி வரை சீரியல் ஓடவிடுவது. இது பெரியவர்களின் தவறு.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவு 9:30க்கு ஹோம்வொர்க் வருவது பெரிய தலைவலி. பெற்றோர் தங்கள் போனில் அதே குழுவில் இருந்து, வந்ததைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவது ஒரு வழி. பெற்றோர் கூட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்து "இரவு 8 மணிக்கு மேல் குழுவில் எதுவும் போட வேண்டாம்" என்று கேட்பது இன்னும் நல்ல வழி. ஆசிரியர்களுக்கும் அதில் நிம்மதிதான்.

முதல் சில இரவுகள் எரிச்சலோடும் புரண்டு படுப்பதோடும் போகும். படுத்து அரைமணி நேரமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அச்சுப் புத்தகம் படிக்கட்டும். போனைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தாலும் எட்டாவது நாள் மறுபடி முதல் நாளாகிவிடும்.

இந்தப் படி நிலைக்கும் வரை, குறைந்தது இரண்டு வாரத்துக்கு, பகல் நேரப் பயன்பாட்டைத் தொடாதீர்கள். மாலையில் இரண்டு மணி நேரம் கேம் ஆடினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

4. நோட்டிபிகேஷனை வடிகட்டுங்கள்

நோட்டில் எழுதிய அன்லாக் எண்ணிக்கையை இப்போது எடுத்துப் பாருங்கள். அதில் கணிசமான பகுதி பிள்ளை தானாகப் போய் எடுத்ததாக இருக்காது. போன் கூப்பிட்டு எடுத்ததாக இருக்கும். அதனால்தான் நேரக் கட்டுப்பாட்டுக்கு முன்னால் இந்தப் படி வருகிறது.

ஒவ்வொரு ஆப்பாகப் போய் அணைப்பதைவிடத் தலைகீழாகச் செய்வது எளிது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அழைப்பு, எஸ்எம்எஸ், குடும்ப வாட்ஸ்அப், பள்ளிக் குழு ஆகிய நான்கை மட்டும் திறந்து வையுங்கள். ஆப் ஐகான் மேல் வரும் சிவப்புப் புள்ளியையும் அணைக்க வேண்டும். சத்தம் வராவிட்டாலும் அந்தப் புள்ளி விரலை இழுக்கும்.

வாட்ஸ்அப்பில் நண்பர் குழுக்களை நிரந்தரமாக மியூட் செய்து ஆர்கைவ் பண்ணுங்கள். ஆர்கைவ் செய்தவை புதுச் செய்தி வந்தாலும் மேலே ஏறாதபடி வைக்கும் வசதி சாட் செட்டிங்ஸில் இருக்கிறது. பிரைவசி பகுதியில் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள். இது பாதுகாப்புக்கும் உதவும்.

ஸ்னாப்சாட்டில் ஸ்ட்ரீக் (ஒரு நண்பருடன் விடாமல் தினமும் படம் பரிமாறிய நாள் கணக்கு) வைத்திருக்கும் பிள்ளை, ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை பூஜ்யமாகும் என்று உண்மையிலேயே தவிக்கும். சிரித்து ஒதுக்கிவிடாமல், மாலையில் ஐந்து நிமிடம் அதற்கென்று கொடுத்துவிடுங்கள். சில வாரத்தில் தானாக அலுத்துவிடும் வாய்ப்பு அதிகம்.

5. முடிவில்லாமல் ஓடும் திரைக்கு ஒரு முடிவு

நேரம் தின்பவை முடிவில்லாதவைதான்: ரீல்ஸ், ஷார்ட்ஸ், தானாக ஓடும் அடுத்த வீடியோ. ஒரு கிரிக்கெட் மேட்சுக்கும் ஒரு படத்துக்கும் முடிவு உண்டு. ஆகவே போனை முழுதாகப் பிடுங்குவதைவிட, முடிவில்லாத பகுதியை மட்டும் வெட்டுவது சண்டையைக் குறைக்கும்.

யூடியூபில் ஆட்டோபிளேயை அணையுங்கள். பிறகு வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திப் பழையதை அழித்தால், பரிந்துரைகள் இல்லாத வெற்று முகப்புப் பக்கம் வரும். தேடினால் வரும், சப்ஸ்கிரைப் செய்தவை வரும், பாடம் பார்ப்பதில் தடையில்லை. ஒரு நிமிட வேலை, ஆனால் இந்தப் பகுதியில் இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறு இல்லை.

இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு டீன் அக்கவுண்ட் உண்டு. இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிபிகேஷன் நிற்கும், 60 நிமிடமானதும் நினைவூட்டல் வரும். 16க்குக் கீழே என்றால் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். கணக்குத் தொடங்கும்போது பிறந்த வருடத்தை மாற்றி வயதைக் கூட்டிக் கொடுத்திருந்தால் இதெல்லாம் பொருந்தாமல் போகும். அந்த வருடத்தைச் சரிபாருங்கள்.

நேர வரம்பை வைக்கும்போது எண்ணைப் பிள்ளை சொல்லட்டும். மூன்று மணி நேரம் ஓடும் ஆப்புக்கு 15 நிமிடம் என்று நீங்கள் வைத்தால் முதல் நாளே உடைப்பான். இரண்டு மணி நேரத்தில் தொடங்கி வாரம் 20, 30 நிமிடம் குறைத்தால் நிலைக்கும்.

கேமுக்கு நிமிடக் கணக்கு சரிவராது. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்றவற்றில் ஒரு ஆட்டம் முடியும் முன் வெளியேறினால் கூட ஆடும் நண்பர்களைக் கைவிட்டதாகிவிடும். "அரை மணி நேரம்" என்பதைவிட "இரண்டு மேட்ச்" என்பது பிள்ளைக்கு நியாயமாகத் தெரியும், ஆட்டத்தின் நடுவே போனைப் பறிக்கும் காட்சியும் வராது.

பூட்டு விஷயத்தில் வயதைப் பாருங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு, பிள்ளையின் போனைப் பெற்றோர் போனிலிருந்து கட்டுப்படுத்தும் கூகுளின் பேமிலி லிங்க் ஆப் சரி. பதினொன்றாம் வகுப்புக்கு மேல் பூட்டு உதவுவதைவிட ஒளித்து வைக்கக் கற்றுக்கொடுப்பதே அதிகம் என்பது என் கருத்து. அங்கே பேச்சுதான் ஒப்பந்தம்.

பூட்டு உடையும் வழிகள் தெரிந்திருக்கட்டும். டிஜிட்டல் வெல்பீயிங் டைமரைப் பிள்ளையே நீக்கிவிடலாம். அது நினைவூட்டல்தான், பூட்டாகாது. ஐபோனில் ஸ்க்ரீன் டைமுக்குத் தனிப் பாஸ்கோடு வைத்து, வரம்பு முடிந்ததும் தடுக்கச் சொல்லும் பொத்தானை ஆன் செய்யாவிட்டால் "இக்னோர்" என்று தட்டிவிட்டுப் போகலாம். அந்தப் பாஸ்கோடு போன் திறக்கும் எண்ணாகவோ உங்கள் ஏடிஎம் பின்னாகவோ இருக்கக் கூடாது. இரண்டும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். சில ஆண்ட்ராய்டு போன்களில் ஒரே ஆப்பை இரண்டாக வைக்கும் வசதியும், செகண்ட் ஸ்பேஸ் என்ற தனி அறையும் இருக்கின்றன. இரண்டையும் தேடிப் பாருங்கள்.

6. காலியான நேரத்தில் என்ன

ஐந்தாம் படி தொடங்கும் அதே நாளில் இதுவும் தொடங்க வேண்டும். நேரத்தைக் காலியாக்கிவிட்டு ஒன்றும் வைக்காமல் போனால் அது மறுபடி போனிடமே போகும்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாலை 5 முதல் 6:30 வரை இதற்கென்று ஒதுக்குங்கள். மைதானம் அருகில் இருந்தால் கவலையில்லை. இல்லாத தெருவில் மொட்டைமாடி ஷட்டில், ஸ்கிப்பிங், சைக்கிள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் படி பல வீடுகளில் இடிக்கிறது. வெளியே விளையாட விடமாட்டோம், தோழி வீட்டுக்கும் அனுப்பமாட்டோம், போனும் கூடாது என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? முதல் இரண்டில் ஒன்றையாவது தளர்த்திவிட்டு மூன்றாவதைப் பேசுங்கள்.

பிள்ளையின் நட்பு வட்டம் இப்போது போனுக்குள்தான் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர வாரம் ஒரு நாள் நண்பர்களை வீட்டுக்கு வரவழையுங்கள். சத்தமாக இருக்கும், பஜ்ஜிக்கு எண்ணெய் செலவாகும். பரவாயில்லை.

7. கண்

போன் கண்ணிலிருந்து 30 முதல் 40 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். முழங்கையிலிருந்து விரல் மடிப்பு வரையிலான நீளம் ஏறக்குறைய அதுதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்திலுள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள். எதிர்வீட்டு மாடி போதும். அருகில் பார்க்கக் கண்ணுக்குள் இறுகும் தசை அப்போது தளரும்.

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இமைக்காமல் இருப்பது. திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது, கண்ணீர்ப் படலம் காய்கிறது. நேரே முகத்தில் அடிக்கும் ஃபேன் காற்றும் ஏசியும் அதைக் கூட்டும். ஃபேனுக்கு நேர் கீழே படுத்துப் பார்ப்பதை மாற்றினாலே சிலருக்கு எரிச்சல் குறைகிறது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடியைவிட அது மேல் என்பதற்குக் குறுகிய கால ஆதாரம் இல்லை என்றது.

கிட்டப்பார்வை வேறு விஷயம். இதில் வெளிவெளிச்சம் காக்கிறது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வகுப்பு வைத்ததில், மூன்று ஆண்டு முடிவில் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். வைக்காத பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். தைவான் பள்ளிகளில் 120 நிமிடம் வெளியே என்பது 2010 முதல் கொள்கை. நம் வெயிலுக்குக் காலை 9க்கு முன்பும் மாலை 4க்குப் பின்பும் மர நிழலில் இருந்தாலும் போதும், நிழல் வெளிச்சமே வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. ஏற்கெனவே வந்துவிட்ட பவரை இது இறக்காது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், கரும்பலகை தெரியவில்லை என்றால், கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடி போடுங்கள். கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று தள்ளிப்போடுவது தவறு.

8. கழுத்து, கட்டைவிரல், காது

தலை 4.5 முதல் 5.5 கிலோ எடை. குனியக் குனியக் கழுத்துத் தசை பிடிக்க வேண்டிய பாரம் கூடும். 60 டிகிரி குனிந்தால் 27 கிலோவுக்கு இணை என்று 2014இல் வெளியான ஒரு கணினி மாதிரி கணக்கிட்டது. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, திசை சரி. மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் முழங்கையை ஊன்றினால் போன் தானாக நெஞ்சு மட்டத்துக்கு உயரும். குப்புறப் படுத்துப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும்.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலித்தால் ஒரு சோதனை: கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். சுரீர் என்று வலித்தால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். இரண்டு வாரம் ஒற்றைக் கைத் தட்டச்சையும் கேமையும் நிறுத்துங்கள். குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

இயர்போன் ஒலி அளவு 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பெரியவர்களுக்கே 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம்தான் பாதுகாப்பு, பிள்ளைகளுக்கு 75 டெசிபல். டவுன் பஸ் இரைச்சலில் பாட்டுக் கேட்கும்போதுதான் அளவு தெரியாமல் ஏறுகிறது. காதில் 'ங்' என்ற சத்தம் மறுநாளும் நிற்காவிட்டால் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

9. சரியும்போது

சரியும். காலாண்டு விடுமுறை, உறவினர் கல்யாணம், காய்ச்சலில் படுத்த வாரம், இவற்றில் பகல் விதிகள் தளர்ந்துபோகட்டும். இரவு விதியை மட்டும் விடாதீர்கள். தூக்கம் நிலைத்திருந்தால் மற்றவை இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிடும். தூக்கத்தையும் விட்டால் இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

பரீட்சை சமயத்தில் இரவு விதியை உடைப்பது பெரும்பாலும் பெற்றோர்தான், "ராத்திரி கண்முழிச்சுப் படிக்கட்டும்" என்று. படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான்.

மாதம் ஒருமுறை அதே ஐந்து எண்களை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். மொத்த நேரம் குறையாமல் இரவுக் கடைசி நேரம் மட்டும் முன்னே வந்திருந்தாலும் அது முன்னேற்றம்.

10. வீட்டுக்குள் தீராது என்று எப்போது தெரியும்

சில பிள்ளைகளிடம் போன் நோயாக இல்லாமல் அறிகுறியாக இருக்கும். மனச்சோர்வு, பரீட்சை பயம், பள்ளியில் யாரோ துன்புறுத்துவது, இவற்றிலிருந்து ஒளிய போனுக்குள் போயிருப்பார்கள். அங்கே போனைப் பிடுங்கினால் ஒளியும் இடமும் போய்விடும்.

பிடித்த விளையாட்டும் நண்பர்களும் அலுத்துப்போனது, சாப்பாடு அல்லது தூக்கம் வெகுவாக மாறியது, பள்ளிக்குப் போக மறுப்பது இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சோ தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தடமோ இருந்தால் அன்றே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, இரண்டும் இலவசம்.

கேம் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அது வந்துவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. பொதுவாக 12 மாதம் நீடித்து, படிப்பையோ உறவுகளையோ குலைத்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் நாள் முழுக்க ஆடுவது இதில் சேராது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஷட் என்ற தனிச் சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இதற்கென்றே இருக்கிறது.

இன்னொன்றையும் முதல் வாரத்திலேயே பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: ஆன்லைனில் யாராவது மிரட்டினாலோ படத்தை வைத்துப் பணம் கேட்டாலோ எங்களிடம் வா, அதற்காகப் போனைப் பிடுங்க மாட்டோம். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. மிரட்டல் வந்த சாட்டை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும், பணம் அனுப்பக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது அந்த 40 பக்க நோட்டை எடுத்துப் போங்கள். "எப்பப் பாத்தாலும் போன்தான் டாக்டர்" என்பதிலிருந்து அவருக்கு ஒன்றும் கிடைக்காது. எத்தனை மணிக்குத் தூங்கினான், ஞாயிறன்று எப்போது எழுந்தான், எந்த ஆப், எந்த மாதத்திலிருந்து மாறியது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினால் பத்து நிமிடத்தில் பேச்சு விஷயத்துக்கு வந்துவிடும். பிள்ளையைத் தனியாகப் பேசவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள்.